ரிமோட் டெஸ்க்டாப் உள்ளே விட மறுக்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

"ரிமோட் போகவில்லை சார்" என்றுதான் எல்லோரும் அழைக்கிறார்கள். புகார் ஒன்றுதான்; அதற்குள் ஏழெட்டுக் கோளாறுகள் ஒளிந்திருக்கும். அலுவலகக் கணினி தூங்கிக்கொண்டிருந்தாலும் அதே புகார், கடவுச்சொல் காலாவதியானாலும் அதே புகார். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், "ஏதோ எர்ரர் வந்தது, மூடிவிட்டேன்" என்பார்கள். மூடிய அந்தச் செய்தியில்தான் பாதி விடை இருக்கிறது. ஆகவே கீழே உள்ளவற்றைத் திரையில் தெரியும் செய்தியை வைத்தே பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், கையைக் கடிப்பது கடைசியில்.

விண்டோஸோடு சேர்ந்தே வரும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக, வீட்டிலிருந்து அலுவலகக் கணினிக்குள் நுழைகிறவர்களுக்கானது இந்தக் குறிப்பு. எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவற்றின் சங்கதி வேறு.

தொடங்குவதற்கு முன் ஒரு கட்டுப்பாடு. ஒரே கடவுச்சொல்லை மூன்று முறைக்கு மேல் முயன்று பார்க்காதீர்கள். விண்டோஸ் 11-ன் 22எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவிய கணினிகளில் பத்துத் தவறான முயற்சிகளுக்குப் பிறகு கணக்கு பத்து நிமிடம் பூட்டிக்கொள்ளும். டொமைன் (எல்லாக் கணக்குகளையும் ஒரே சர்வரிலிருந்து நிர்வகிக்கும் ஏற்பாடு) உள்ள அலுவலகமென்றால் நிர்வாகி வைத்ததுதான் வரம்பு. அது மூன்றாகவும் இருக்கலாம். பூட்டிய பிறகு சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் ஏற்காது. முதலில் இருந்த கோளாறு என்ன என்பதும் மறைந்துவிடும்.

## அறிகுறி 1: பெயர், கடவுச்சொல் கேட்பதற்கு முன்பே நின்றுவிடுகிறது

'ரிமோட் டெஸ்க்டாப் கான்ட் கனெக்ட் டு த ரிமோட் கம்ப்யூட்டர்' என்று தொடங்கி, கீழே மூன்று காரணங்களை வரிசைப்படுத்தும் பெட்டி இது. இங்கே கடவுச்சொல்லுக்கு வேலையே இல்லை. அதை மாற்றப் போனால் இரண்டாவது சிக்கல் ஒன்றை நீங்களே வரவழைத்துக்கொள்வீர்கள்.

அலுவலகத்தில் யாராவது இருந்தால் கணினி விழித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மின்வெட்டுக்குப் பிறகு தானாக எழாத கணினிதான் நான் அதிகம் பார்ப்பது. பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை), மின்சாரம் திரும்பியதும் தானே இயங்கச் சொல்லும் அமைப்பு பெரும்பாலான டெஸ்க்டாப்புகளில் உண்டு. அதை ஒருமுறை மாற்றி வைத்தால் போதும். 'ஸ்லீப்' நேரத்தையும் 'நெவர்' என்று வைத்துவிடுங்கள்.

அடுத்து, விபிஎன் (அலுவலக நெட்வொர்க்குக்குள் செல்லும் பாதுகாப்பான இணைப்பு) இணைந்திருக்கிறதா? அலுவலகக் கணினியின் ஐபி முகவரி மாறிவிட்டதா? ரவுட்டரை மாற்றிய மறுநாள் வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இந்த வகை. ரவுட்டரிலேயே அந்தக் கணினிக்கு ஒரு முகவரியை ஒதுக்கி வைத்தால் இது திரும்ப வராது.

வாசல் திறந்திருக்கிறதா என்று சோதிக்க, பவர்ஷெல்லில் 'டெஸ்ட்-நெட்கனெக்ஷன்' கட்டளையை, கணினியின் பெயரையும், ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசலான 3389 என்ற போர்ட் எண்ணையும் சேர்த்து ஓட்டுங்கள். கடைசி வரியில் 'ட்ரூ' என்று வந்தால் வாசல் திறந்திருக்கிறது. அடுத்த அறிகுறிக்குப் போகலாம். 'ஃபால்ஸ்' என்றால், அலுவலகக் கணினியில் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிமோட் டெஸ்க்டாப் என்று போய் அது இயங்கு நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஃபயர்வால். விலைக்கு வாங்கிய ஆன்டிவைரஸ் தன் சொந்த ஃபயர்வாலைக் கொண்டுவந்து குறுக்கே நிறுத்தியிருந்தால் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் செட்டிங்ஸில் 'யுவர் ஹோம் எடிஷன் டஸின்ட் சப்போர்ட்' என்று இருந்தால் தேடல் முடிந்தது. விண்டோஸ் ஹோம் பதிப்புக் கணினியிலிருந்து வெளியே இணையலாம். அதற்குள் யாரும் நுழைய முடியாது. ப்ரோ பதிப்புக்கு மாறுவதற்கான செலவுதான் ஒரே வழி. கணினி வாங்கும்போது ஹோம் பதிப்பைத் தள்ளிவிடும் கடைகள் இதைச் சொல்வதில்லை.

## அறிகுறி 2: 'யுவர் கிரெடென்ஷியல்ஸ் டிட் நாட் வொர்க்' அல்லது 'த லாகான் அட்டெம்ப்ட் ஃபெயில்ட்'

வரும் அழைப்புகளில் பெரும்பகுதி இதுதான். இந்தச் செய்தியைப் பார்த்தவுடன் எல்லோரும் கடவுச்சொல் தவறு என்று முடிவு கட்டுகிறார்கள். என் அனுபவத்தில் கடவுச்சொல் சரியாகவே இருக்கும்; அதற்கு முன்னால் எழுதிய பெயர்தான் தவறு. இருந்தாலும் எளியதிலிருந்து தொடங்குவோம்.

விசைப்பலகை. கேப்ஸ் லாக், நம் லாக் இரண்டையும் பாருங்கள். தமிழ் 99 விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தால், புள்ளிகளுக்குப் பின்னால் தமிழ் எழுத்துகள்தான் விழுந்திருக்கும். அருகில் யாரும் இல்லையென்றால் பயனர் பெயருக்கான கட்டத்தில் கடவுச்சொல்லைத் தட்டிப் பாருங்கள். கண்ணுக்கு நேரே தெரிந்துவிடும். பார்த்ததும் அழித்துவிட்டு உரிய இடத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டுகிறவர்கள் கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

பின் நம்பர். அலுவலகத்தில் நான்கு இலக்க எண்ணைத் தட்டி உள்ளே போகிறவர் வீட்டிலிருந்தும் அதையே தட்டுவார். பின் நம்பர் அது அமைக்கப்பட்ட கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் உரியது. கைரேகையும் முகமும் அப்படியே. ரிமோட்டில் கடவுச்சொல் வேண்டும். "கடவுச்சொல்லா? அப்படி ஒன்று இருக்கிறதா?" என்ற பதில் வந்தால், இந்த அறிகுறியில் சற்றுக் கீழே உள்ள மைக்ரோசாஃப்ட் கணக்குப் பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள்.

பெயர் எழுதும் முறை. இங்கேதான் நிதானம் தேவை. 'ரவி' என்று மட்டும் எழுதினால், எந்தக் கணினியின் ரவி என்ற கேள்வி வருகிறது. வீட்டுக் கணினி சில வேளைகளில் தன் பெயரையோ தன் டொமைன் பெயரையோ முன்னால் ஒட்டி அனுப்பிவிடும். அலுவலகக் கணினிக்கு அப்படி ஒரு ஆளையே தெரியாது. பெயரைத் தட்டியதும் அந்தப் பெட்டியில் 'டொமைன்' என்று சிறிய எழுத்தில் ஒரு வரி தெரிகிறதா என்று பாருங்கள். அதில் உங்கள் வீட்டு மடிக்கணினியின் பெயர் இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

சரியான பெயரை ஊகிக்க வேண்டியதில்லை. அலுவலகத்தில் இருக்கும்போதே கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'ஹூஆம்ஐ' என்று ஒரே சொல்லாக ஆங்கிலத்தில் தட்டுங்கள். கணினியின் பெயர், ஒரு பின்சாய்கோடு, உங்கள் பயனர் பெயர் என்று ஒரே வரியில் வரும். அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இப்படிக் கொடுக்க வேண்டும் (எல்லாம் ஆங்கில எழுத்துகளில்தான்):

- அந்தக் கணினியிலேயே உருவாக்கிய கணக்கு: கணினிப்பெயர்\பயனர்பெயர்
- அலுவலக டொமைன் கணக்கு: டொமைன்பெயர்\பயனர்பெயர்
- மைக்ரோசாஃப்ட் கணக்கு: மைக்ரோசாஃப்ட்அக்கவுன்ட்\முழு மின்னஞ்சல்
- நிறுவனத்தின் என்ட்ரா (மைக்ரோசாஃப்டின் மேகக் கணக்குச் சேவை) கணக்கு: அஸூர்ஏடி\முழு மின்னஞ்சல்

கணினிப் பெயருக்குப் பதிலாக வெறும் புள்ளியைப் போடும் சுருக்குவழி ஒன்று உண்டு. நேரில் உட்கார்ந்து நுழையும்போது அது சரி. ரிமோட் பெட்டியில் அந்தப் புள்ளி வீட்டுக் கணினியைக் குறித்துவிடலாம். முழுப் பெயரையே எழுதுங்கள்.

பெயர் விஷயத்தில் இன்னும் இரண்டு பொறிகள். நுழைவுத் திரையில் 'அக்கவுன்ட்ஸ் செக்ஷன்' என்று பெரிதாகத் தெரியும். உள்ளே அந்தக் கணக்கின் உண்மையான பெயர் 'யூசர்' என்றே இருக்கும். கன்ட்ரோல் பேனலில் போய்ப் பெயரை மாற்றினால் காட்சிக்கான பெயர் மட்டுமே மாறுகிறது, கணக்கின் பெயர் பழையபடியே நிற்கிறது. வேலையை விட்டுப் போனவருடைய கணினியைப் புதியவருக்குக் கொடுக்கும் அலுவலகங்களில் இது தவறாமல் நடக்கிறது: திரையில் புதியவர் பெயர், உள்ளே பழையவர் பெயர். மற்றொன்று, மைக்ரோசாஃப்ட் கணக்கு. அதில் 'ஹூஆம்ஐ' கட்டளை பெரும்பாலும் மின்னஞ்சலின் முதல் ஐந்து எழுத்துகளை மட்டும் காட்டும். அந்த வெட்டுண்ட பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நுழைவதற்கு முழு மின்னஞ்சல்தான்.

சேமித்து வைத்த பழைய கடவுச்சொல். அலுவலகத்தில் கடவுச்சொல்லை மாற்றியிருப்பீர்கள். வீட்டுக் கணினி பழையதை நினைவில் வைத்துக்கொண்டு அதையே அனுப்பிக்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய அடையாளம் ஒன்று உண்டு: கணினியின் பெயரைக் கொடுத்தால் மறுக்கிறது, ஐபி முகவரியைக் கொடுத்து இணைந்தால் புதிதாகக் கடவுச்சொல் கேட்டு உள்ளே விடுகிறது. சேமிப்பு முகவரிவாரியாக நடப்பதால் வரும் வேறுபாடு இது. வீட்டுக் கணினியின் கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜர், விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் என்று போனால் 'டெர்ம்எஸ்ஆர்வி' என்று தொடங்கும் பதிவுகள் இருக்கும். அவற்றை நீக்குங்கள். டெஸ்க்டாப்பில் வைத்திருக்கும் பழைய ரிமோட் கோப்பையும் தூக்கிவிட்டுப் புதிதாக ஒன்று செய்துகொள்ளுங்கள்.

மைக்ரோசாஃப்ட் கணக்கு, ஆனால் பின் நம்பர் மட்டுமே. புதிய கணினியை மின்னஞ்சல் கணக்கால் தொடங்கி, முதல் நாளிலிருந்தே பின் நம்பரால் நுழைந்து வந்தால், அந்தக் கணினி உங்கள் கடவுச்சொல்லை ஒருமுறைகூடப் பார்த்திருக்காது. அதனால் இணையத்தில் மின்னஞ்சலைத் திறக்கும் அதே கடவுச்சொல்லை ரிமோட்டில் கொடுத்தால் தவறு என்கிறது. பயனரோ அதே கடவுச்சொல்லால் மின்னஞ்சலைத் திறந்து காட்டி, "பாருங்கள், சரியாகத்தானே இருக்கிறது" என்று சண்டைக்கு வருவார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

அலுவலகக் கணினியின் முன் உட்கார்ந்துதான் இதைச் சரிசெய்ய முடியும். செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ் என்று போங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்குகளுக்கு விண்டோஸ் ஹெலோ (பின் நம்பர், கைரேகை, முகம்) மட்டும் போதும் என்று சொல்லும் பொத்தானை அணையுங்கள். கணக்கிலிருந்து வெளியேறி, நுழைவுத் திரையில் 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்' என்பதைத் தட்டி, பின் நம்பருக்குப் பதிலாகச் சாவிப் படத்தைத் தேர்ந்தெடுத்து, கடவுச்சொல்லால் ஒருமுறை உள்ளே போங்கள். அந்த ஒரு முறை போதும். பிறகு பின் நம்பரையே பயன்படுத்தலாம், ரிமோட்டும் வேலை செய்யும். கடவுச்சொல்லே இல்லாத கணக்காக மாற்றி வைத்திருப்பவர்கள் ரிமோட்டுக்கென்று தனியாக ஒரு உள்ளூர்க் கணக்கை உருவாக்கிக்கொள்வது நல்லது.

கணினியிடமே கேளுங்கள். இதுவரை எதிலும் சிக்கவில்லையென்றால், அலுவலகக் கணினியில் ஈவென்ட் வியூவரைத் திறந்து விண்டோஸ் லாக்ஸ், செக்யூரிட்டி என்ற பகுதியில் 4625 என்ற எண்ணைத் தேடுங்கள். தோல்வியுற்ற ஒவ்வொரு நுழைவும் அங்கே பதிவாகும். வீட்டுத் திரை ஒரே செய்தியைத்தான் காட்டும். இந்தப் பதிவு காரணத்தைப் பிரித்துச் சொல்லும். 'சப் ஸ்டேட்டஸ்' என்ற வரியின் கடைசி எழுத்துகளைப் பார்த்தால் போதும். அது வெறும் பூஜ்யமாக இருந்தால் அதற்கு மேலுள்ள 'ஸ்டேட்டஸ்' வரியைப் பாருங்கள்.

- 64: அந்தப் பெயரில் கணக்கே இல்லை. பெயர் எழுதும் முறைக்குத் திரும்புங்கள்.
- 6ஏ: பெயர் சரி, கடவுச்சொல் உண்மையிலேயே தவறு.
- 72: கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது.
- 71 அல்லது 224: கடவுச்சொல் காலாவதி, அல்லது மாற்றியாக வேண்டிய நிலை. அறிகுறி 5.
- 234: கணக்கு பூட்டியிருக்கிறது. அறிகுறி 3.
- 15பி: இந்த வழியில் நுழைய உரிமை இல்லை. அறிகுறி 4.

4625 பதிவே இல்லையா? தோல்விகளைப் பதிவுசெய்யும் தணிக்கை அணைந்திருக்கலாம், அல்லது நீங்கள் இணைவது வேறு கணினியோடு. இரண்டாவதை லேசாக எண்ணாதீர்கள். ஐபி முகவரி மாறி, பக்கத்து மேசைக் கணினியின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தவர்கள் உண்டு.

நகலெடுத்து நிறுவிய கணினிகள். இதுதான் இந்த அறிகுறியின் விலையுயர்ந்த முடிவு. ஒரு கணினியில் எல்லாவற்றையும் நிறுவி, அதன் வட்டை அப்படியே நகலெடுத்துப் பத்துக் கணினிகளில் இறக்குவது சிறு அலுவலகங்களில் வெகுநாள் வழக்கம். முறையாகச் செய்வதற்கு 'சிஸ்ப்ரெப்' என்ற கருவி உண்டு. அதை ஓட்டாமல் நகலெடுத்தால் எல்லாக் கணினிகளுக்கும் ஒரே எஸ்ஐடி அடையாள எண் அமைந்துவிடும். பல ஆண்டுகளாக இதனால் பெரிய தொல்லை இருந்ததில்லை. 2025 ஆகஸ்ட் 29 முதல் வந்த அப்டேட்டுகளுக்குப் பிறகு, விண்டோஸ் 11-ன் 24எச்2, 25எச்2 பதிப்புகளும் சர்வர் 2025-உம் அப்படிப்பட்ட இரட்டைக் கணினிகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைவதை மறுக்கின்றன. ரிமோட் மட்டுமின்றி, பகிர்ந்த கோப்புறையும் சேர்ந்தே நின்றுபோகும். சரியான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்கும். சிஸ்டம் பதிவில் எல்எஸ்ஏஎஸ்ஆர்வி என்ற மூலத்திலிருந்து 6167 என்ற எண் இருந்தால் சந்தேகம் உறுதி. அந்தக் கணினிகளை முறைப்படி மீண்டும் நிறுவுவதுதான் தீர்வு. இணையத்தில் கிடைக்கும் எஸ்ஐடி மாற்றும் கருவிகளை ஓட்டிப் பார்க்க வேண்டாம். இந்த இடத்தில் ஆளைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 3: 'த யூசர் அக்கவுன்ட் ஹாஸ் பீன் லாக்ட்'

பத்து நிமிடம் காத்திருந்து ஒரே ஒருமுறை, நிதானமாகத் தட்டுங்கள். அவசரமென்றால் நிர்வாகி அந்தக் கணக்கைத் திறந்துவிடலாம்.

யாரும் எதையும் தட்டாமலே கணக்கு மறுபடி மறுபடி பூட்டிக்கொண்டால்தான் யோசிக்க வேண்டும். கடவுச்சொல் மாறிய பிறகும் பழையதை வைத்துக்கொண்டு எங்கோ ஒன்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது: கைப்பேசியின் அலுவலக மின்னஞ்சல், இணைத்து வைத்த நெட்வொர்க் டிரைவ், நேரம் குறித்து ஓடும் பேக்அப், வேறொரு கணினியில் மூடாமல் விட்ட ரிமோட் அமர்வு. ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அவற்றில் எதுவும் இல்லையென்றால், 4625 பதிவுகளுக்குப் போய் நள்ளிரவு நேரத்துப் பதிவுகளைப் படியுங்கள். 'அட்மினிஸ்ட்ரேட்டர்', 'அட்மின்', 'டெஸ்ட்' என்று உங்கள் அலுவலகத்தில் இல்லாத பெயர்களெல்லாம் வரிசையாக முயன்றிருந்தால், ரவுட்டரில் 3389 போர்ட்டை யாரோ இணையத்துக்கு நேராகத் திறந்துவிட்டிருக்கிறார்கள். 'விபிஎன் எல்லாம் தேவையில்லை, இதுவே வேலை செய்கிறது' என்று யாராவது சொல்லிச் செய்திருப்பார்கள். அன்றே மூடுங்கள். 3389-ஐ 33890 என்று மாற்றி வைப்பது பாதுகாப்பு ஆகாது. எல்லாப் போர்ட்டையும் துழாவும் கருவிகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 2019 மே மாதம் 'ப்ளூகீப்' என்ற ஓட்டை வெளிவந்தபோது கடவுச்சொல்லே இல்லாமல் இந்த வாசல் வழியாக நுழைய முடியும் என்ற நிலை இருந்தது. ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. தெரியாத முயற்சிகளுக்கு நடுவே 4624 என்ற வெற்றிப் பதிவு ஒன்று வெளி முகவரியிலிருந்து இருந்தால், கணினியின் நெட்வொர்க் கம்பியைப் பிடுங்கிவிட்டுத் தொழில்முறை ஆளை அழையுங்கள். நீங்களாக எதையும் அழிக்காதீர்கள், தடயம் வேண்டும்.

## அறிகுறி 4: கடவுச்சொல்லை ஏற்கிறது, ஆனால் அனுமதி இல்லை என்கிறது

'நாட் ஆதரைஸ்ட் ஃபார் ரிமோட் லாகின்' என்றோ, 'யு நீட் த ரைட் டு சைன் இன் த்ரூ ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்' என்றோ வரும். இது நல்ல செய்தி: பெயரும் கடவுச்சொல்லும் சரி, பட்டியலில் மட்டும் ஆள் இல்லை. நிர்வாகிக் கணக்குகளுக்குத் தானாக அனுமதி உண்டு. மற்றவர்களை, செட்டிங்ஸின் ரிமோட் டெஸ்க்டாப் பக்கத்தில் 'ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ்' என்ற இணைப்பைத் தட்டிச் சேர்க்க வேண்டும். இதற்குச் சோம்பல்பட்டு ஊழியரை நிர்வாகியாக ஆக்கிவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் அவர் திறக்கும் முதல் வைரஸ் கோப்பும் நிர்வாகியாகவே ஓடும்.

சேர்த்த பிறகும் மறுத்தால், நுழைவை மறுக்கும் கொள்கை ஒன்று உள்ளூர்ப் பாதுகாப்புக் கொள்கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அனுமதியும் மறுப்பும் மோதினால் மறுப்பே வெல்லும். டொமைன் நிர்வாகியிடம் விட வேண்டிய வேலை இது.

'அக்கவுன்ட் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று வந்தால் பெரும்பாலும் அந்தக் கணக்குக்குக் கடவுச்சொல்லே வைக்கவில்லை. கடவுச்சொல் இல்லாத கணக்கை நேரில் மட்டும் திறக்கலாம், ரிமோட்டில் முடியாது. ஒரு கடவுச்சொல்லை வையுங்கள். அந்தத் தடையை நீக்கும் வழியைத் தேடாதீர்கள்.

## அறிகுறி 5: 'யு மஸ்ட் சேஞ்ச் யுவர் பாஸ்வேர்ட்'

மாற்றச் சொல்கிறது, ஆனால் மாற்றுவதற்கான பெட்டியைக் காட்டாமல் வெளியே தள்ளிவிடுகிறது. டொமைன் கணக்குகளில் கடவுச்சொல்லின் ஆயுள் இயல்பாக 42 நாள். நெட்வொர்க் நிலைச் சரிபார்ப்பு இயங்கும்போது, உள்ளே போவதற்கு முன்பே செல்லுபடியாகும் கடவுச்சொல் வேண்டும். அதை மாற்றுவதற்கோ உள்ளே போயாக வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஊழியருக்கு 'முதல் நுழைவில் மாற்ற வேண்டும்' என்று குறியிட்டுக் கணக்கு தொடங்கி, முதல் நாளே வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னால் இதே நிலைதான்.

அலுவலகத்தில் நேரில் மாற்றலாம், அல்லது நிர்வாகி புதிய கடவுச்சொல் வைத்து, அந்தக் குறியை எடுத்துவிடலாம். காலாவதி ஆவதற்கு முன்பே எச்சரிக்கை வந்தால், ரிமோட் அமர்வுக்குள் இருந்தபடியே கன்ட்ரோல், ஆல்ட், என்ட் விசைகளைச் சேர்த்து அழுத்தி மாற்றிக்கொள்ளுங்கள். டெலிட் விசையை அழுத்தினால் வீட்டுக் கணினிதான் எழுந்து நிற்கும்.

நெட்வொர்க் நிலைச் சரிபார்ப்பையே அணைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று யோசனை சொல்வார்கள். சரியாகும்தான். அதோடு, யார் என்று தெரியாதவர்களுக்கும் நுழைவுத் திரை வரை வழி திறந்துவிடும். வேண்டாம்.

## அறிகுறி 6: 'ஆன் ஆதென்டிகேஷன் எர்ரர் ஹாஸ் அக்கர்ட்'

கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.

'கிரெட்எஸ்எஸ்பி' என்ற சொல் இருந்தால், இரண்டு கணினிகளில் ஒன்று 2018-க்குப் பிறகு அப்டேட்டையே பார்க்கவில்லை. அந்த ஆண்டு மார்ச்சில் வந்த திருத்தம், மே மாதத்திலிருந்து கட்டாயமானது. திருத்தம் போட்ட கணினி, போடாத கணினியோடு பேச மறுக்கும். பழைய கணினியை அப்டேட் செய்யுங்கள். ரெஜிஸ்ட்ரியில் ஒரு எண்ணை மாற்றினால் உடனே வேலை செய்யும் என்ற குறுக்குவழி எங்கும் கிடைக்கிறது. உள்ளே போய் அப்டேட் போடுவதற்காக மட்டும் அதைச் செய்து, முடிந்த கையோடு பழையபடி மாற்றிவிடுவதானால் செய்யுங்கள். அப்படியே விட்டுவிடுவதாக இருந்தால் தொடவே வேண்டாம்.

தேதி, நேரம் பற்றி எழுதியிருந்தால் அலுவலகக் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். டொமைன் சரிபார்ப்பு ஐந்து நிமிட வேறுபாட்டுக்கு மேல் பொறுக்காது. ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய் நின்றால், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது. கடிகாரக் கடையில்கூடக் கிடைக்கும் சரக்கு. இதற்குப் போய் விண்டோஸை மறுபடி நிறுவச் சொன்னால் நம்பாதீர்கள்.

'டொமைன் கன்ட்ரோலர் கேனாட் பி கான்டாக்டட்' என்றால் உங்களால் ஆவது ஒன்றுமில்லை. சர்வர் அறைக்குப் பொறுப்பானவரை அழையுங்கள்.

கணினியின் அடையாளத்தை உறுதிசெய்ய முடியவில்லை என்று மஞ்சள் நிற எச்சரிக்கை மட்டும் வந்தால், அது பிழை இல்லை. சிறு அலுவலகக் கணினி தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் சான்றிதழ் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும். அப்போது அந்த எச்சரிக்கை திரும்ப வரும். விபிஎன் வழியாக, சரியான முகவரிக்குத்தான் போகிறீர்கள் என்று தெரிந்தால் தொடரலாம்.

## அறிகுறி 7: உள்ளே போகிறது, உடனே வெளியே தள்ளுகிறது அல்லது கருப்புத் திரை

விண்டோஸ் ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். நீங்கள் நுழைந்தால் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். அவர் கடவுச்சொல் போட்டால் நீங்கள் வெளியே. இருவரும் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டே மதியம் வரை ஓட்டியதைப் பார்த்திருக்கிறேன். கோப்பு ஒன்றை மாற்றி வைத்துப் பல பேரை நுழைய வைக்கும் வித்தையைச் சிலர் விற்கிறார்கள். உரிம விதிகளுக்கு மாறானது, அடுத்த அப்டேட்டிலேயே உடைந்தும்போகும். பல பேர் வேண்டுமென்றால் சர்வரும் அதற்குரிய உரிமங்களும் வாங்குவதுதான் வழி.

சர்வரிலேயே 'லைசென்ஸ் சர்வர்' பற்றிய செய்தி வந்து எல்லோரும் ஒரே நாளில் வெளியே தள்ளப்பட்டால், நிறுவியபோது கிடைத்த 120 நாள் சலுகை முடிந்துவிட்டது என்று பொருள். நிறுவிக் கொடுத்தவரை அழைத்து, உரிமம் வாங்கியதற்கான ரசீதைக் கேளுங்கள்.

கருப்புத் திரையென்றால் ஒரு நிமிடம் பொறுங்கள். பிறகு கன்ட்ரோல், ஆல்ட், என்ட் அழுத்தி, டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'எக்ஸ்ப்ளோரர்' என்று புதிய பணியாக ஓட்டிப் பாருங்கள். டெஸ்க்டாப் வந்தாலும் கோப்புகள் எதுவும் இல்லாமல் புதுக் கணினி போலத் தெரிந்தால், தற்காலிகக் கணக்கில் நுழைந்திருக்கிறீர்கள். அதில் எதையும் சேமிக்காதீர்கள். வெளியேறியதும் எல்லாம் அழிந்துவிடும். கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்து பார்த்து, அப்படியும் அதே நிலை என்றால் கைவைக்காமல் ஆளை அழையுங்கள். பழைய கோப்புகள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும், பதற்றத்தில் யாராவது அவற்றை நீக்காத வரையில்.

## அறிகுறி 8: எல்லாம் சரி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் மட்டும் தெரியவில்லை

ஆடிட்டர் அலுவலகங்களில் கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாள்களில் வரும் அழைப்பு. ரிமோட்டில் நன்றாக நுழைந்தாயிற்று. வரித் தளத்தில் கையொப்பமிடப் போனால், அலுவலகக் கணினியில் செருகிய யுஎஸ்பி டோக்கனைக் காணோம் என்கிறது. டோக்கன் பழுதில்லை. ரிமோட் அமர்வுக்குள், ஸ்மார்ட் கார்டு வகைச் சாதனங்கள் வீட்டுப் பக்கத்திலிருந்துதான் எடுத்துக்கொள்ளப்படும். டோக்கன் உங்கள் கையில் இருந்தால் வீட்டுக் கணினியில் செருகி, ரிமோட் பெட்டியின் 'லோக்கல் ரிசோர்சஸ்' பகுதியில் 'மோர்' என்பதைத் தட்டி, 'ஸ்மார்ட் கார்ட்ஸ்' குறியிட்டிருக்கிறதா என்று பார்த்து மறுபடி இணையுங்கள். டோக்கன் அலுவலகத்திலேயே இருந்தால் அங்கே ஒருவர் நேரில் உட்கார்ந்து கையொப்பமிட வேண்டும்.

## ஆளை அழைக்கும்போது

திரையில் வந்த செய்தியின் முழுப் படம், 'ஹூஆம்ஐ' காட்டிய வரி, அலுவலகக் கணினியின் விண்டோஸ் பதிப்பு, கோளாறு தொடங்குவதற்கு முன் என்ன மாறியது (கடவுச்சொல்லா, ரவுட்டரா, அப்டேட்டா), 4625 பதிவின் படம். இவற்றை முன்கூட்டியே அனுப்பினால், வருகிறவர் முதல் ஒரு மணி நேரத்தைக் கேள்வி கேட்பதில் கழிக்க மாட்டார். பயாஸில் கைவைக்கும் வேலையாக இருந்தால் பிட்லாக்கர் (வட்டைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) மீட்பு எண்ணையும், அதாவது அந்த 48 இலக்கங்களையும், தேடி எடுத்து வையுங்கள். பெரும்பாலும் அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அலுவலகக் கணினிக்குள் போக முடியாத நேரத்தில் கைப்பேசியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.